நாலு கரம் போட் அளவில் ஒரு மேசை

2024 யூன் 15, சனி

கனடா மச்சான் ஒரு பெட்டி நிறைய பொம்மை வீரர்களைத் தந்துவிட்டுப் போய் ஒரு வருசமாகிறது. ஏஜ் ஒஃப் சிக்மர் என்று 2015இல் வந்த, மேசையில் பொம்மைப் படைகளை மோதவிடுகிற ஆட்டம். பேய், பூதம், கவசம் போட்ட வீரர்கள், அநேகமான ஆட்கள் பெருவிரல் அளவு. இவ்வளவு நாளும் சீமெந்து நிலத்தில் குந்தியிருந்து விளையாடி முழங்கால் போய்விட்டது. இனி மேசைதான். 60க்கு 44 அங்குலம் போதும் என்றாலும் பழைய வழக்கப்படி 6க்கு 4 அடி செய்யப்போகிறேன். அகலம் 4 அடியைத் தாண்டினால் நடுவில் நிற்கிற ஆளை நகர்த்தக் கை எட்டாது.

யூன் 16, ஞாயிறு

கிளிநொச்சி மரக்காலையில் 12 மி.மீ. பிளைவூட் ஒன்று, 8க்கு 4 அடி. குறுக்காக நாலு துண்டாக அரியச் சொன்னேன். மூன்றைச் சேர்த்தால் மேசை, விளையாடி முடிய கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடலாம்.

“என்ன தம்பி, கரம் போட்டோ?”

“அப்பிடித்தான் அண்ணை, கொஞ்சம் பெரிசு.”

வழியில் கணக்குப் பார்த்தேன். கரம் போட்டில் காய் சுண்டி ஆடுகிற இடம் 29 அங்குலச் சதுரம், நாலு போட்டைச் சேர்த்தாலும் என் மேசையில் 92 சதுர அங்குலம் மிச்சம் வரும். வாள் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. தின்றதில் நாலாவது துண்டு கிட்டத்தட்ட ஒரு செ.மீ. குறைவு. அது கிடக்கட்டும். சோளகக் காற்று அடித்த அடியில் லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு யந்திரம்) பெட்டிக்குள் பலகைகளின் மேல் நானே ஏறி இருந்துதான் வட்டக்கச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

யூன் 22, சனி

சட்டத்துக்கு மரம் வாங்கவில்லை. போர் முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது போட்ட கொட்டிலின் பனஞ்சலாகைகள் வீட்டுக் கோடிக்குள் கிடந்தன. பனையை மரம் என்று நினைத்து ஆணி அடிக்கக்கூடாது. வெளிப்பக்கம் கறுப்பு நாராக இரும்பு மாதிரி, உள்ளுக்குள் மெத்தென்ற சோத்தி. முதல் ஆறு ஆணியும் வளைந்தன, ஏழாவது சலாகையைப் பிளந்தது. பிறகு துளைபோட்டுத் திருகாணி பூட்டினேன். உள்ளங்கையில் மூன்று சிலாம்பு, இரண்டை அம்மா ஊசியால் எடுத்தா, ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது.

யூன் 30, ஞாயிறு

இன்று முழு நட்டம். ஒரு கடைக்காரர் தந்த ஃபிரிட்ஜ் பெட்டி றெஜிபோமில் (வெள்ளை நுரைப்பலகை) அழகாக ஒரு மேடு வெட்டி, ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். பெயின்ட் பட்ட இடமெல்லாம் உள்ளே போய், சீனி கரைகிற மாதிரிக் கரைந்து, ஐந்து நிமிசத்தில் மேடு பள்ளமாகிவிட்டது. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் றெஜிபோமைத் தின்னும். முதலில் பைண்டர் கம் (வெள்ளைப் பசை) பூசிக் காயவிட்டு, அதற்கு மேல் தண்ணீரில் கரைகிற இமல்ஷன்தான் பூசவேண்டும். அடித்த பிறகுதான் வாசித்தேன்.

யூலை 6, சனி

மச்சான் தந்த பெட்டியில் அடியில் கட்டடங்களும் இருந்தன. இந்த ஆட்டங்களில் மறைப்புக்கு வைப்பது அநேகமாக இடிபாடுகள்தான், பாதிச் சுவர், கூரை இல்லாத மாடி, ஓட்டை விழுந்த யன்னல். ஒட்டி முடித்து விறாந்தையில் காயவைத்தேன். அம்மா ஒன்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“உடைஞ்ச வீட்டையோ காசு குடுத்து வாங்கினவன்?”

வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

யூலை 7, ஞாயிறு

கட்டடங்கள் பெட்டிக்குள் போய்விட்டன. மறைப்புக்குக் குளக்கட்டு வைக்கிறேன். றெஜிபோமில் மேசைக்குக் குறுக்காக மூன்று அங்குல உயரம், ஒரு பக்கம் துருசு (தண்ணீர் திறந்துவிடுகிற மதகு), மறு அந்தத்தில் வான் (மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற இடம்). வீட்டுக்குப் பின்னால் போகிற வாய்க்காலுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வருகிறது, மாதிரிக்கு எங்கேயும் போகத் தேவையில்லை.

நிலத்துக்குப் பெயின்ட் வேண்டாம். பின்வளவுச் செம்மண்ணை அரித்து, பலகையில் தண்ணீர் கலந்த பைண்டர் கம் பூசித் தூவினேன். காய்ந்ததும் நிறம் கொஞ்சம் கருமையாகிறது, மழை பெய்து ஒரு நாள் கழிந்த தரை மாதிரி. அரித்தது அம்மாவின் மா அரிதட்டில் என்பது பின்னேரம்தான் தெரியவந்தது. அதைப் பற்றி எழுதவில்லை.

யூலை 13, சனி

பனை செய்வது லேசில்லை. 28 மி.மீ. ஆளுக்குக் கணக்குப்படி 20 மீட்டர்ப் பனை 33 செ.மீ. வரவேண்டும், அப்படி ஒன்று நட்டுப் பார்த்தேன், கை பட்டு விழுந்து இரண்டு பூதங்களை உடைத்தது. 18 செ.மீ. போதும் என்று எல்லாவற்றையும் வடலியாக்கிவிட்டேன் (இளம் பனை). ஈர்க்குக் கட்டுக்கு நூல் சுற்றி மண் பூசினால் மரம், காய்ந்த ஓலையை விசிறியாக நறுக்கினால் தலை. இதுவரை பதினொன்று.

யூலை 14, ஞாயிறு

பக்கத்து வீட்டுத் தம்பி வந்தான், பாலைப்பழம் ஒரு பையோடு. தின்ற கையால் பொம்மையைத் தொட்டால் பால் பிசின் மாதிரி ஒட்டும் என்று முதலே சொல்லிக் கைகழுவ அனுப்பினேன். என் வில்லாளர்கள் கட்டின் மேல் நின்றார்கள், அவனால் கிட்ட வரமுடியவில்லை, மூன்று சுற்று அடித்தேன். பிறகு அவன் வான் பக்கத்தால் சுற்றிவந்து எல்லாரையும் முடித்தான். துருசைக் காக்க ஆள் விட்ட நான் வானை மறந்துவிட்டேன்.

விளிம்பில் சட்டம் இல்லாததால் தாயக்கட்டை ஏழு தடவை நிலத்தில் விழுந்தது. கரம் போட்டுக்கு இருக்கிற மாதிரி ஒன்று அடிக்கவேண்டும். நாலாவது துண்டை அதற்கு நீளத்தில் கிழிக்கலாம் என்று தேடினேன், அம்மா அதை வாங்கின் மேல் வைத்து செத்தல் மிளகாய் காயப்போட்டிருக்கிறா.