குடமுருட்டிக் கரையில் ஞாயிற்றுக்கிழமைகள்

ஜூலை 6, 2025, ஞாயிறு

நாவல்பழ சீசன் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும் என்றிருந்தேன். அமெரிக்கரான ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஆரம்பித்த மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பில், அதாவது இந்த நொடியில் நடப்பதை நிதானமாகக் கவனிக்கப் பழக்கும் வகுப்பில், ஒரே ஒரு உலர்திராட்சையை நிதானமாகத் தின்பதும் ஒரு பயிற்சி. நாள்பட்ட வலியோடு வந்த பெரியவர்களுக்காக ஏற்பட்ட வகுப்பு அது. எங்கள் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டுகிற பழம் நாவல்தான்.

இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பாடம் சொல்லித்தந்த நாட்களிலிருந்து என்னிடம் வருகிற பிள்ளைகள், நூலகத் திண்ணையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு பழம். "இப்படி ஒரு பழத்த உலகத்துல யாரும் பாத்ததே இல்ல. நீங்கதான் கண்டுபிடிச்சிருக்கீங்க. எப்படி இருக்குன்னு சொல்லிட்டுத்தான் வாயில போடணும்." இவ்வளவுதான் விளையாட்டு.

ஒரு பெண் பழத்தைப் பாவாடையில் தேய்த்துவிட்டு, "மேல சாம்பல் பூசுன மாதிரி இருந்துச்சு மிஸ், தேய்ச்சா பளபளன்னு ஆயிடுச்சு" என்றாள். உடனே மற்றவர்களும் தேய்த்துப் பார்த்தார்கள். ஒரு முனையில் சின்ன வட்டமாக ஒரு குழி இருப்பதை இன்னொருவன் காட்டினான். கடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஏழு வயதுப் பையன் ஒருவன், "மொதல்ல இனிக்குது, அப்பறம் நாக்கப் புடிச்சு இழுக்குது, கொட்டைக்கிட்ட போனா வேற ருசி" என்றான். உப்புப் போட்டுக் குலுக்கி, கை நிறைய அள்ளிப் போட்டுக்கொள்கிற பிள்ளைகள் இவர்கள். ஒரு பழத்துக்குள் இத்தனை இருக்கிறது என்று அவர்களே கண்டதில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மூச்சைக் கவனி என்று பிள்ளைகளிடம் சொன்னால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முழிப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது வேண்டும். மற்ற ஊர்களில் பஞ்சு பொம்மையை வயிற்றில் வைக்கிறார்கள். தஞ்சாவூரை இத்தனை கிட்டத்தில் வைத்துக்கொண்டு பஞ்சு பொம்மை எதற்கு? தலையாட்டி பொம்மையே கொண்டுவந்தேன். அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். சின்ன அளவு போதும், பெரியது வயிற்றில் அழுத்தும்.

பாயில் மல்லாந்து படுத்து, தொப்புளுக்கு மேலே பொம்மை. மூச்சு உள்ளே போகும்போது உதரவிதானம் கீழே இறங்கி வயிறு உயரும், பொம்மை ஆடும். வேகமாக மூச்சு வாங்கினால் பொம்மை ராஜா பேயாட்டம் ஆடுவார். "ராஜாவத் தூங்க வைங்க" என்றேன். மூச்சை விடும் நேரம் தானாக நீண்டது. அப்படி நீளமாக விடும்போது நாடித்துடிப்பு தணியும், உடம்பு இளகும். அதையெல்லாம் அவர்களிடம் விளக்கவில்லை.

நடவு வயலிலிருந்து மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு அப்பா திண்ணையோரம் நின்றிருந்தார். "அப்பா, நீயும் படு" என்று மகள் இழுத்துவிட்டாள். சேறு காயாத காலோடு அவரும் படுத்தார். பொம்மையை அவர் வயிற்றில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அது ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மூச்சு விடுவதை அந்தப் பிள்ளை அவ்வளவு நேரம் வேறு எப்போது பார்த்திருக்கப் போகிறது?

ஜூலை 16, புதன்

ரேஷன் கடையில் ஒரு அம்மா கேட்டார்: "இதெல்லாம் செஞ்சா எம்பய சொன்ன பேச்சு கேப்பானாக்கா?"

கேட்க மாட்டான் என்றுதான் சொன்னேன். அடக்கி உட்காரவைக்க இது மருந்து இல்லை. சேட்டை பண்ணினால் "போய்க் கண்ண மூடி உக்காரு" என்று தண்டனையாகக் கொடுத்தால் அன்றோடு பிள்ளைக்கு இது கசந்துவிடும். பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட 11 முதல் 14 வயது மாணவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. ஆசிரியர்கள் வகுப்பில் நடத்திய மைண்ட்ஃபுல்னெஸ் பாடம், பள்ளிகளில் வழக்கமாகச் சொல்லித்தருவதைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பழகவே இல்லை. எனக்கு இது மனதில் தைத்தது. அதனால்தான் பெற்றோர், தாத்தா பாட்டி எல்லோரையும் திண்ணைக்குக் கூப்பிடுகிறேன். வீட்டில் பெரியவர்கள் சேர்ந்து விளையாடாத ஒன்றைப் பிள்ளை தனியாகச் செய்யும் என்று நான் நம்பவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நாச்சியார்கோவில் கைமணி. ஒருமுறை அடிப்பேன், நாதம் முழுசாக அடங்கியதும் கையைத் தூக்க வேண்டும். ஒருவன் கடைசிவரை தூக்கவே இல்லை. கேட்டால், "மணி நின்னுடுச்சு மிஸ், ஆனா அதுக்குள்ள மோட்டார் கொட்டாய் சத்தம் வந்துடுச்சு, அதக் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றான்.

பிறகு சடுகுடு. ஒரே மூச்சில் பாடிப்போய்த் திரும்ப வேண்டிய ஆட்டத்தைவிட மூச்சுக்கு நல்ல வாத்தியார் உண்டா!

ஜூலை 27, ஞாயிறு

ஒரு சிறுமிக்குக் கண்ணை மூடப் பிடிக்கவில்லை. மூடச் சொல்லக் கூடாது. சில பிள்ளைகளுக்குக் கண்ணை மூடினால் பயம்தான் வரும், அதற்குக் காரணம் கேட்கவும் கூடாது. மறைந்த வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான், பிரான்சில் தன் மடத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு நான்கு கூழாங்கற்கள் கொடுத்தார்: பூ, மலை, அசையாத தண்ணீர், வெளி. ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி, அதுவாகவே தன்னை நினைத்து மூச்சு விட வேண்டும். அந்தச் சிறுமியிடம் அஞ்சாங்கல் கற்களைக் கொடுத்தேன். நான்கு கற்களுக்கும் அந்தப் பெயர்களையே வைத்தாள், ஐந்தாவதற்குத் தன் ஆட்டுக்குட்டியின் பெயர். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஆச்சியைக் கூப்பிட்டு ஆட ஆரம்பித்தாள். மேலே போன கல்லில் கண், கீழே அள்ளுகிற கை. ஆச்சியின் விரல்கள் எழுபது வயது விரல்கள் மாதிரியே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

மேட்டூர் ஜூன் 12-லேயே திறந்ததால் ஆற்றில் நல்ல தண்ணீர். பிள்ளைகளைப் படித்துறையில் இறங்க விடவில்லை, கரை மேட்டிலேயே ஜமுக்காளம் விரித்தோம். மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, விளக்கு எல்லாம் முடிந்து சோற்று மூட்டையைப் பிரிக்கும் முன், குடும்பத்துக்கு ஒரு மஞ்சப்பை கொடுத்து எல்லோர் செல்போனையும் அதில் போடச் சொன்னேன். முதலில் போட்டது பிள்ளைகள் இல்லை, அந்த நடவு வயல் அப்பா. ஒரு வாய் காப்பரிசி, கண் ஆற்றின் மேல், கேட்கிற சத்தங்களைப் பக்கத்திலிருப்பவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இழுக்கிற குட்டிச் சப்பரத்தின் சக்கரம் கிறீச்சிடுவதை ஒரு தாத்தா தன் பேரன் காதில் சொல்ல, இரண்டு பேரும் சப்பரத்துக்கு எண்ணெய் தேடிப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் பல்லாங்குழி. புளியங்கொட்டை சேர்த்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். பால் சொசைட்டிக்குப் போகிறவர்களும் வர வேண்டுமென்பதால் ஐந்து மணியை ஆறரையாக மாற்றியாயிற்று.