முட்டையும் சர்க்கரையும் பூசிய சுவர்

சிங்கப்பூரில் சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து மேலே வந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். கோபுரத்தைவிட எனக்குச் சுவர்தான் பிடிக்கும். கல் இல்லை, செங்கல். அதன்மேல் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள். காய்ந்ததும் கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். பணியாரத்துக்கே ஆகும் சாமான்!

இதே இடத்தில் முன்பு கோல்மன் வடிவமைத்த தேவாலயம் இருந்தது. இருமுறை இடி விழுந்ததால் 1852-இல் மூடிவிட்டார்கள். பிறகு ரொனால்ட் மக்ஃபர்சன் என்ற ராணுவப் பொறியாளர் கூரிய வளைவுகளோடு கோதிக் பாணியில் வரைந்தார். 1862-இல் பிரதிஷ்டை நடந்தது. முதலில் நினைத்த கனமான கோபுரத்தை அஸ்திவாரம் தாங்காது என்று தெரிந்து, இலகுவான கூம்பு வைத்தார்கள். எனக்கு அதுவே அழகு.

கிழக்குக் கண்ணாடி ஜன்னல்கள் பிரிட்டிஷ் ஆட்சியாளர்களான ராஃபிள்ஸ், கிராஃபர்ட், பட்டர்வொர்த் நினைவாக. சரி, இருக்கட்டும். சுவரை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அவர்களுக்கும் ஒரு ஜன்னல் வைத்திருக்கலாம்.