ஏழு கிலோவாட் எங்கே போனது?

பழைய திறந்த கணப்புக்குள் செருகும் விறகு அடுப்பு ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டு, முதல் குளிர்காலத்தின் பெரும்பகுதியை அதன் முன்னாலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு கழித்தவன் நான். அது தரும் வெப்பம் 7 கிலோவாட் என்று கையேட்டில் அச்சிட்டிருந்தது. அறையோ 17 டிகிரியைத் தாண்ட மறுத்தது. அடுப்பைத் தேர்ந்தெடுத்தபோதும் பொருத்தியபோதும் எந்தத் தொல்லையும் தெரியவில்லை. தொல்லையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விற்றவரிடம் முறையிட்டபோது, விறகு ஈரமாக இருக்கும் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார். அதில் பாதி உண்மை இருந்ததுதான் என்னைப் பல வாரங்கள் அலைக்கழித்தது. நன்றாகக் காய்ந்தது என்ற உறுதியோடு எனக்கு விற்கப்பட்ட விறகின் மேற்புறத்தில் ஈரப்பதமானி 16 விழுக்காடு காட்டியது. அதே கட்டையைப் பிளந்து உட்புறத்தில் ஊசிகளைக் குத்தினால் 28. அது 20-க்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகில் உள்ள நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய இழப்பு, எரியறை சூடேறாமல் போவதால் விறகிலிருந்து எழும் வாயுக்கள் எரியாமலேயே மேலே சென்று புகைபோக்கியில் தாராகப் படிவது. அவை முழுமையாக எரிவதற்கு எரியறையில் ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. விறகு வாங்குவோர் மேற்புறத்து அளவை நம்ப வேண்டாம். ஒரு கட்டையை அங்கேயே பிளந்து காட்டச் சொல்லுங்கள்.

உண்மையாகவே காய்ந்த விறகைத் தேடிப் பிடித்ததும் அடுப்புக் கதவின் கண்ணாடியில் கரி படிவது நின்றது. ஆனால் அறை ஒரே ஒரு டிகிரிதான் ஏறியது. மூன்று வாரக் காத்திருப்புக்குப் பின் வந்த பொருத்துநர், அடுப்பின் முன்னே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, இந்த அறைக்கு இது போதாது, பெரியதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நானும் ஏறக்குறைய வாங்கியிருப்பேன்.

அன்றிரவு போட்டுப் பார்த்த கணக்கு என்னைத் தடுத்தது. நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. அடுப்பின் திறன் 75 விழுக்காடு என்று கொண்டால் அதில் 3 நம் கைக்கு வரும். அப்படியானால் 7 கிலோவாட் வேண்டுமென்றால் மணிக்கு 2.3 கிலோ எரிய வேண்டும். நானோ 8 கிலோவை ஒரேயடியாக அடுக்கி, காற்று வழியைக் குறைத்து, எட்டு மணி நேரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். அதாவது சராசரியாக 3 கிலோவாட்டுக்கான விறகைத்தான் எரித்திருக்கிறேன். இது முழுக்க என் தவறு. இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் சிறுசிறு அளவாக அடிக்கடி விறகிட்டு, சுடர் நன்றாக எழும்படி எரித்தபோதும் கணக்கில் வந்த வெப்பம் அறைக்கு வந்து சேரவில்லை. தற்செயலாக ஒருநாள் வெளியே போய்ப் புகைபோக்கிச் சுவரைத் தொட்டபோதுதான் விடை கிடைத்தது: சுற்றியுள்ள செங்கல் சில்லென்றிருக்க, அந்தப் பகுதி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பு ஆறிய பின் முகப்புச் சட்டத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். புகைக்குழாய் மேலே ஏறும் கழுத்துப் பகுதியில் குழாயைச் சுற்றி ஒரு கை தாராளமாக நுழையும் அளவுக்குத் திறப்பு இருந்தது. தகடும் இல்லை, வெப்பக்காப்பும் இல்லை. அடுப்பின் உடலைத் தழுவிச் சூடேறிய காற்றெல்லாம் அறைக்குள் வராமல் அந்த வழியே ஏறி, வெளிச்சுவரைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. கையேட்டில் அடைப்புத் தகட்டுக்குப் படமே போட்டிருக்கிறார்கள். அதைக் காட்டிப் பொருத்துநரிடம் கேட்டபோது, "பரிந்துரை என்றுதானே போட்டிருக்கிறது, கட்டாயம் என்று இல்லையே" என்றார். இன்றும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு எரிகிறது.

வேறொரு கைவினைஞர் ஒரு காலைப்பொழுதில் வேலையை முடித்தார்: குழாய்க்கு மட்டும் துளையிட்ட எஃகுத் தகடு, விளிம்புகளில் வெப்பம் தாங்கும் பூச்சு, தகட்டுக்கு மேலே வெப்பக்காப்பாகத் தீப்பிடிக்காத மினரல் வுல் பஞ்சு. அன்று மாலை இரண்டு மணி நேரத்தில் அறை 21 டிகிரியைத் தொட்டது.

புதிதாகப் பொருத்துவோர், முகப்புச் சட்டத்தை மூடும் முன் கழுத்துப் பகுதியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க விடாதவருக்குப் பணத்தை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். அடுப்பின் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் சுற்றியுள்ள அடைப்புக் கயிறு தேய்ந்திருக்கிறது, காற்று கட்டுக்குள் நிற்காது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் முதல் தீயை மூட்டவே வேண்டாம்.

அந்த ஈர விறகை மழை படாமல் கூரையின் கீழ், காற்றோட்டம் கிடைக்கும்படி அடுக்கி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு கட்டையைப் பிளந்து பார்த்தேன், 23 காட்டியது. அடுத்த குளிர்காலம் வரை அதைத் தொடப்போவதில்லை.