6.8 எப்படி 8.6 ஆனது

"ஏனுங்க சார், கடைசியா உள்ள வந்தது யாருன்னு அந்தப் பொட்டியில பதிஞ்சிருக்கும்ல?"

காலை 6 மணி இருக்கும். பேனல் ரூமில் நின்றுகொண்டு ஆபரேட்டர் அண்ணன் என்னிடம் கேட்டது இது. என் கையில் விண்டோஸ் போட்டு வைத்திருந்த பென் டிரைவ். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணா, முதல்ல பிளான்ட் ஓடட்டும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஸ்காடா கம்ப்யூட்டரை, அதாவது பிளான்ட்டைத் திரையில் பார்த்து இயக்கும் கம்ப்யூட்டரை, ஃபார்மட் செய்தேன்.

2021 கடைசியில் நடந்தது. இன்றும் இரவு ஷிஃப்டிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சாயக் கழிவுநீரை மெம்பரேன் வழியாக அழுத்தி உப்பைப் பிரிப்பது ஆர்.ஓ. அதற்குள் போவதற்கு முன் ஆசிட் விட்டு நீரின் பிஹெச்சை, அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண்ணை, குறைப்போம். எங்கள் செட் பாயின்ட், அதாவது பிஹெச் நிற்க வேண்டிய எண், 6.8. அன்று இரவு அது 8.6 ஆகியிருந்தது. 8.6 போதும் என்று சொல்லிவிட்டால், பம்ப்புகளை இயக்கும் கண்ட்ரோலரான பி.எல்.சி. ஆசிட் பம்ப்பை எதற்கு ஓட்டும்? நிறுத்திவிட்டது. மெம்பரேனில் உப்புப் படிந்து அழுத்தம் ஏறி, 3.40-க்கு ஹை பிரஷர் பம்ப் டிரிப் ஆனது. அண்ணன் உடனே எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை.

ஸ்காடாவில் டிரெண்டைத் திறந்து பார்த்தேன். செட் பாயின்ட் கோடு இரவு 1.52 மணி வரை நேராகப் போய், அங்கே படி ஏறுவதுபோல ஒரே எட்டில் மேலே போயிருந்தது. சென்சார் கோளாறு என்றால் கோடு இப்படிப் போகாது. யாரோ அந்தக் கட்டத்தில் எண்ணை அடித்து என்டர் தட்டியிருக்கிறார்கள். அதைப் போனில் ஒரு போட்டோ எடுத்தேன். அந்த இரவைப் பற்றி என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு போட்டோதான்.

"அண்ணா, நீங்க ஏதாவது மாத்துனீங்களா?"

"தொடவே இல்லைங்க சார். அந்நேரத்துக்கு நான் வெளிய சேண்ட் ஃபில்டர் பேக்வாஷ்ல நின்னுட்டு இருந்தேன்."

பேனல் ரூமில் கேமரா கிடையாது. மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு மானிட்டரின் கீழ் ஓரத்தில் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருக்கும். எண்ணை பேனல் டச் ஸ்கிரீனில் அடித்தாலும் கம்ப்யூட்டரில் அடித்தாலும் போய் விழுவது பி.எல்.சி.யின் அதே இடத்தில்தான். இந்தக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவது மோட்பஸ் வழியாக. 1979-இல் வந்த நெறிமுறை. எழுது என்றால் எழுதும், எழுதச் சொல்வது யார் என்று கேட்கும் பழக்கமே அதற்கு இல்லை.

இதில் இன்னொரு வாசலும் இருந்தது. 2020 லாக்டவுனில் பிளான்ட் சப்ளையரின் ஆட்கள் வர முடியவில்லை. ஸ்காடா கம்ப்யூட்டரில் ரிமோட் சாஃப்ட்வேர் போட்டு, ஒரு 4ஜி ரௌட்டரும் வைத்துக் கொடுத்தார்கள். அப்படிக் கேட்டவன் நான்தான். லாக்டவுன் முடிந்த பிறகும் ரௌட்டரை எடுக்கவில்லை. நடுராத்திரியில் பிரச்சினை என்றால் அங்கிருந்தே பார்த்துச் சரிசெய்து கொடுத்துவிடுவார்கள், அது எங்களுக்கு வசதியாக இருந்தது. பாஸ்வேர்டு, கம்பெனிப் பெயரும் 123-ம். அது தெரிந்த மூன்று பேர் அதற்குள் சப்ளையரிடமிருந்தே வேலையை விட்டுப் போயிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஓல்ட்ஸ்மார் என்ற சிறிய ஊரில் நடந்ததைப் படித்திருந்தேன். குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் தானாக நகர்ந்தது, சோடியம் ஹைட்ராக்சைடு அளவு 100 பிபிஎம்மிலிருந்து 11,100-க்குப் போனது, அவர் உடனே பழையபடி மாற்றிவிட்டார் என்று செய்தி. அங்கேயும் ரிமோட் சாஃப்ட்வேர்தான். விடிகாலை 5 மணிக்கு என் மண்டைக்குள் ஓடியது முழுக்க அந்த மவுஸ்தான். வெளியிலிருந்து எவனோ உள்ளே வந்துவிட்டான் என்றே நம்பினேன். சாய மெஷின்களின் கண்ட்ரோலர்கள், அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர்கள், எல்லாமே அன்று ஒரே நெட்வொர்க். இங்கே வந்தவன் அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்? ரௌட்டரிலிருந்து சிம்மைப் பிடுங்கினேன். அப்புறம் கம்ப்யூட்டர் சுத்தமாக இருக்கட்டும் என்று ஃபார்மட்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆர்.ஓ. நின்றால் கழிவுநீர் கலெக்ஷன் டேங்கில் ஏறிக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்தால் சாயப் பட்டறை நிற்கும். ஒரு சொட்டு வெளியே விட முடியாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்ட காலத்தை இந்தத் திருப்பூரில் யாரும் மறக்கவில்லை. அன்று காலை டேங்க் முக்கால்வாசி ஏறியிருந்தது. ஜி.எம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனில் கேட்டுக்கொண்டிருந்தார். சந்தேகப்பட்ட கம்ப்யூட்டரை வைத்து பிளான்ட்டை ஓட்ட எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் சரியானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் என் மேஜை டிராயரில் புது ஹார்ட் டிஸ்க் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. பழையதைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு அதை மாட்டி விண்டோஸ் போட்டிருக்கலாம். நாலு ஸ்குரூ, கூடுதலாகப் பத்து நிமிடம். பழைய டிஸ்க்கில் அந்த ரிமோட் சாஃப்ட்வேரின் பதிவு இருந்திருக்கும். எந்த ஐடி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று வரி வரியாகப் பார்த்திருக்கலாம். 1.52-க்கு யாரும் வரவில்லை என்றிருந்தால் அதுவும் ஒரு பதில்தான். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் அது, நோட்பேடில் திறந்தாலே போதும். அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் ஓரளவுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தக் காலையில் கேட்க வேண்டியதைக் கேட்டவர் அவர்தான்.

11 மணிக்குக் காரணம் என்ன என்று எழுதித் தரச் சொன்னார்கள். சப்ளையரைப் போனில் பிடித்தேன். "அந்த நேரத்துல எங்க சைடுல யாரும் கனெக்ட் பண்ணலை சார்" என்றார்கள். ரௌட்டரின் நினைவில் சமீபத்திய கொஞ்ச நேரத்துப் பதிவுதான் நிற்கும். அதுவும் நான் சிம்மை எடுத்து, ஆஃப் செய்து ஆன் செய்ததில் போய்விட்டது. கையில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். 6.8. 8.6. இலக்கம் இடம் மாறியிருக்கிறது. தாக்க வருகிறவன் எதற்கு இப்படி அடிக்கப் போகிறான்? 12 என்று அடிப்பான், பூஜ்யம் என்று அடிப்பான். தூக்கக் கலக்கத்தில் கை மாறினால்தான் இப்படி வரும் என்று தோன்றியது.

அறிக்கையில் எழுதினேன்: "ஆபரேட்டரின் கைத்தவறாக இருக்கலாம்."

இருக்கலாம் என்றுதான் எழுதினேன். மேலே போனதும் யாரும் அந்த 'லாம்'ஐப் படிக்கவில்லை. அண்ணனுக்கு மெமோ, ஒரு வாரச் சம்பளம் பிடித்தம், ஃபில்டர் பிரஸ் பக்கம் ஸ்லட்ஜ் அள்ளுகிற இடத்துக்கு மாற்றம். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

வெளியாள் வந்துவிட்டான் என்று 6 மணிக்கு நம்பித்தானே கம்ப்யூட்டரை அழித்தேன்? 11 மணிக்கு எப்படி உள்ளே இருந்த ஆளின் கை என்று எழுதினேன்? இடையில் எந்தப் புதிய ஆதாரமும் வரவில்லை. இலக்கம் இடம் மாறியதை மட்டும் கண்டுபிடித்தேன். அது நியாயமான ஊகம்தான். இப்போது யாராவது என்னிடம் அந்த இரண்டு எண்களைக் காட்டினாலும் கைத்தவறு என்றுதான் முதலில் சொல்வேன். ஆனால் வெளியாள் என்று எழுதியிருந்தால் அடுத்த கேள்வி, அந்த ரௌட்டரை வைத்தது யார் என்பதாக இருந்திருக்கும். அது என் மனதில் அப்போது ஓடவே இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

ஓல்ட்ஸ்மார் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. சம்பவம் நடந்தபோது அந்த ஊரின் நகர மேலாளராக இருந்தவர் 2023-இல், அது வெளியாள் வேலையே இல்லை, அந்த ஊழியரின் கைத்தவறு என்று பேசினார். உலகம் முழுக்கப் பாடமாக நடத்தப்பட்ட சம்பவம் அது. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே முதலில் வெளியாள் என்றார்கள், பிறகு ஆபரேட்டர் என்றார்கள். நான் அதே இரண்டையும் ஐந்து மணி நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

ஆஸ்திரேலியாவின் மரூச்சியில் 2000-ஆம் ஆண்டு நடந்தது வேறு மாதிரி. கழிவுநீர்ப் பம்பிங் நிலையங்கள் தாறுமாறாக இயங்கின, சுமார் 8 லட்சம் லிட்டர் சாக்கடை நீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. முதலில் புது சிஸ்டம், ஏதோ இன்ஸ்டலேஷன் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். பிறகு சிக்னல்களை உட்கார்ந்து கண்காணித்து, இது மனிதக் கை என்று கண்டுபிடித்தார்கள். அந்த சிஸ்டத்தை அமைத்த கம்பெனியில் வேலை பார்த்து விலகிய ஒருவர்தான் செய்தது. 2 வருடம் சிறை. அங்கே வேலை செய்தவர்கள் தலையில் அது விழாமல் போனதற்கு, யாரோ பொறுமையாகப் பதிவுகளைப் பார்த்ததுதான் காரணம்.

பிறகு ஒரு பயிற்சிக்குப் போனேன். தொழிற்சாலைக் கண்ட்ரோல் சிஸ்டங்களின் பாதுகாப்புக்கான ஐஇசி 62443 தரநிலையில் அடிப்படைத் தேவைகள் ஏழு. அதில் முதலாவது, உள்ளே வருவது யார் என்று அடையாளம் கண்டு உறுதி செய்வது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவில், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. பயிற்சியில் இதையெல்லாம் திருடன் வராமல் தடுக்கும் வேலையாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு லாகின் இருந்திருந்தால், பேக்வாஷில் நின்றேன் என்று அவர் சொன்னதற்கு ஒரு சாட்சியாவது இருந்திருக்கும்.

இப்போது எங்களிடம் ஆளுக்கொரு லாகின் இருக்கிறது. பிளான்ட் நெட்வொர்க் தனி, ஆபீஸ் தனி, நடுவில் ஃபயர்வால். ரௌட்டருக்கு பேனலில் ஒரு சாவி சுவிட்ச். சப்ளையர் போன் செய்து கேட்டால் ஷிஃப்ட் இன்சார்ஜ் நோட்டில் நேரம் எழுதி ஆன் செய்வார், வேலை முடிந்ததும் ஆஃப். இதையெல்லாம் விட எனக்குப் பெரியதாகத் தோன்றுவது பி.எல்.சி.யில் சேர்த்த ஒரு வரிதான். பிஹெச் செட் பாயின்ட் 6.2-க்குக் கீழேயோ 7.4-க்கு மேலேயோ யார் அடித்தாலும் ஏற்காது. ஆபரேட்டர் அடித்தாலும், நான் அடித்தாலும், உலகத்தின் எந்த மூலையிலிருந்து எவன் அடித்தாலும். செய்ய 20 நிமிடம் ஆனது. இதை நான் 2021-க்கு முன்பே செய்திருக்க முடியாதா? முடியும். பம்ப் ஓடுகிறதா என்று பார்த்தேனே தவிர, தப்பான எண் வந்தால் என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

போன வருடம் தணிக்கைக்காகப் பழைய ஷிஃப்ட் லாக் புக்குகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். அந்த இரவின் பக்கம் ஓரத்தில் ஆசிட் பட்டுப் பழுப்பேறி, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது. நீலப் பேனாவில் அண்ணனின் சாய்ந்த எழுத்து. 1 மணிக்கு 6.8. 2 மணிக்கு 7.1. 3 மணிக்கு 8.2, பக்கத்தில் பொடி எழுத்தில்: "ஆசிட் பம்ப் ஓடல. கேன் பாத்தாச்சு, ஆசிட் இருக்கு."

அவர் கேனைப் போய்ப் பார்த்திருக்கிறார். செட் பாயின்ட்டை மாற்றியது தெரிந்த ஆள் கேனை எதற்குப் பார்க்கப் போகிறார்? சரி, கை தவறி அடித்தவருக்கும் அது தெரியாதுதான், அவரும் கேனைத்தான் பார்ப்பார். அந்தப் பக்கம் எதையும் நிரூபிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அறிக்கை எழுதும்போது அந்த நோட்டு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் திறக்கவில்லை.

அண்ணன் இப்போது பெருந்துறைப் பக்கம் வேறொரு பட்டறையில் இருக்கிறார். போன் செய்தேன். ஃபார்மட் செய்ததை, அறிக்கையில் எழுதியதை, எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பழசெல்லாம் எதுக்குங்க சார், பாப்பா காலேஜ் போகுதுங்களா?" என்று என் மகளைப் பற்றிக் கேட்டார்.

அந்த அறிக்கைக்குப் பின்னால் வைக்க ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். காரணம் கண்டறியப்படவில்லை, கண்டறியக்கூடிய பதிவு இருந்த டிஸ்க்கை ஆபரேட்டர் கேட்ட பிறகும் நான் அழித்துவிட்டேன் என்று இரண்டு வரி. லாக் புக் பக்கத்தின் நகலும் இணைத்திருக்கிறேன். கோப்பில் சேர்க்க ஜி.எம். கையெழுத்து வேண்டும். "முடிஞ்சு போனதை இப்ப எதுக்குங்க கிளறணும்" என்றார் முதலில். இரண்டாம் முறை கேட்டதற்கு, ஆயுத பூஜை முடியட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறார்.