சூரியன் பிறந்த பாறை

பொலிவியாவின் டிடிகாகா ஏரியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சூரியத் தீவு. அங்குள்ள பாறையிலிருந்தே சூரியன் முதன்முதலில் எழுந்தது என்றும், முதல் இன்கா மன்னர் மாங்கோ காபாக்கும் அவர் மனைவி மாமா ஒக்லோவும் அங்கிருந்தே புறப்பட்டார்கள் என்றும் இன்கா மக்கள் நம்பினர். ஆனால் தலம் அவர்களுக்கும் மூத்தது. அருகிலுள்ள கோவா என்ற நீரடித் திட்டில் 2013இல் நடந்த அகழாய்வில், பூமா வடிவத் தூபக்கலங்களும் பொன்தகடுகளும் வெகுதொலைவிலுள்ள வெப்பக் கடலிலிருந்து வந்த முள்சிப்பி ஓடுகளும் பலியிட்ட இளம் லாமாக்களின் எலும்புகளும் கிடைத்தன. இவை இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட திவானாக்கு மக்களின் காணிக்கைகள். தாம் வென்ற நாட்டின் பழைய புனிதத்தை அழிக்காமல் தம் குலக்கதையின் தொடக்கமாகவே ஆக்கிக்கொண்ட இன்காக்களின் அரசியல் சாதுரியமே (பக்தியும் இருந்திருக்கும்தான்) என்னை வியக்க வைக்கிறது. பாறையின் முன்னுள்ள திடலிலிருந்து பார்த்தால், ஜூன் மாதக் கதிர்த்திருப்ப நாளில் (அங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல்) சூரியன் மறையும் இடத்தை மலைமுகட்டில் இரு கற்தூண்கள் நிறுவிக் குறித்திருந்தனர். அவற்றின் அடித்தளங்களை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.