மைனரை எவ்வளவு இறக்கலாம்?

டொரொன்டோவில் இருக்கும் மச்சான் 1966 ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றை வாங்கி, முன்பக்கத்தின் உயரத்தைக் குறைத்து இறக்கியிருக்கிறான். வாட்ஸ்அப்பில் படம் வந்தது, கூடவே ஒரு கேள்வியும்: "மாமாவோட மைனர எப்ப எறக்கப் போற?"

அப்பா விட்டுப்போன 1098 சிசி மொரிஸ் மைனர் கார் அது. ஆசை எனக்கும் உண்டு. தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் உள்ள வளைவுகளில் அது சாய்கிற சாய்ச்சலைப் பார்த்தால் யாருக்கும் வரும். ஆனால் மஸ்டாங்குக்குச் செய்ததை மைனருக்குச் செய்ய முடியாது.

மச்சான் செய்தது நல்ல வேலைதான். மஸ்டாங்கின் மேல் ஆர்மை, அதாவது முன்சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் மேல் கையை, பூட்டும் துளைகளை 1 அங்குலம் கீழே மாற்றியிருக்கிறான். ஃபோர்டு பொறியாளர் கிளாவுஸ் ஆர்னிங் யோசித்த வழி இது, மஸ்டாங்கின் பந்தய வடிவமான 1965 ஷெல்பி ஜிடி350இல் அப்படித்தான் வந்தது. வண்டி இறங்குவது என்னவோ அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம்தான். வளைவில் உடல் சாயும்போது வெளிச்சக்கரம் ரோட்டில் ஒழுங்காகப் பதிந்து நிற்பதுதான் உண்மையான லாபம். சிலர் காயில் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டுவார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும் என்பதால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கேஸ் வைத்துச் சூடுகாட்டி இறக்கித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் வண்டியைக் கொடுக்காதீர்கள், உருக்கின் பதம் போய்விடும்.

மைனரின் முன்பக்கத்தில் வெட்டுவதற்குக் காயிலே கிடையாது. 1948இல் அலெக் இஸிகோனிஸ் வைத்தது டோர்ஷன் பார். நீளமான ஒரு உருக்குக் கம்பி, முறுகி முறுகி ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது. அதன் நுனியில் பற்கள் உண்டு, கம்பியைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டினால் உயரம் மாறிவிடும். ஒரு சதமும் செலவில்லை. அதனால்தான் எல்லாரும் செய்கிறார்கள், அதனால்தான் எனக்குப் பயம். கம்பியின் விறைப்பு பழையபடியே இருக்க, சக்கரம் மேலே எழும்ப இருந்த இடம் மட்டும் குறைந்துபோகிறது.

எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க, சக்கரம் எல்லை மீறி எழும்பினால் முட்டி நிற்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் வெள்ளைப் பெயின்ட் பூசினேன். நாலு பேரையும் ஒரு மரக்கறி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் இறங்கினேன். கருங்கல் பாவி, நடுவில் புல் மேடிட்ட ரோடு. கீழே வந்து குனிந்து பார்த்தால் பெயின்ட் இரண்டு பக்கமும் நசுங்கியிருந்தது. கம்பெனி உயரத்திலேயே இப்படி! இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரம் முழுக்க முன்னுக்குத்தானே வரும். ஆகவே முன்பக்கத்தை இறக்குவதானால் தடித்த பார் போட்டுத்தான், அதுவும் முக்கால் அங்குலத்துக்கு மேல் இல்லை. பழைய பார்களைக் கழற்றுகிறவர்கள் இடது வலது என்று குறித்து வையுங்கள். அவை ஒரு பக்கமாகவே முறுகிப் பழகியவை, மாற்றிப் போடக்கூடாது.

பின்பக்கம் வேறு கதை. அங்கே உருக்குப் பட்டைகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங். அக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் 1 அங்குல பிளொக் வைத்து, நீளமான யூ போல்ட் போட்டால் வேலை முடிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏற்றத்தில் நிறுத்திக் கிளட்சை விடும்போது அக்ஸில் சுழலப் பார்க்கும், ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு உதறும். மைனருக்கு ஏற்கெனவே உள்ள குணம் அது. பிளொக் அக்ஸிலை ஸ்பிரிங்கிலிருந்து தள்ளி வைப்பதால், முறுக்குகிற நெம்புகோல் இன்னும் நீளமாகும். பட்டைகளைக் கழற்றி, சூடுகாட்டாமல் அடித்து வளைவைக் குறைப்பதே மேல். லொறி ஸ்பிரிங் வேலை செய்கிற ஒரு பாஸிடம் பேசியிருக்கிறேன். "ஒரு அங்குலம் போதும் தொரை, அதுக்கு மேல கேட்டா நான் செய்ய மாட்டேன்" என்றார். இப்படிச் சொல்கிற பாஸைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் முதல் செலவு இதிலெல்லாம் இல்லை. மைனரின் முன் ஷொக் அப்சோபரின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் ஆர்மும். அது எண்ணெய் கசிந்தால் எந்த உயரத்தில் நின்றாலும் வண்டி துள்ளும். அதற்குக் கீழே ட்ரனியன், சக்கரம் திரும்ப உதவும் மரை போட்ட மூட்டு. கிரீஸ் காணாமல் அதன் மரை தேய்ந்தால் ஒருநாள் கழன்று, சக்கரம் உள்ளே மடங்கி வண்டி மூக்குக் குத்தி நிற்கும். என்னுடையதில் இடது பக்கம் ஆட்டம் தெரிகிறது. அதனால் முதலில் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் ட்ரனியன், பிறகு ஷொக், அப்புறம் பின் பட்டை.

தடித்த பார் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். மச்சானுக்கு இதையெல்லாம் விளக்கி எழுதினேன். "அப்ப வீல மட்டும் மாத்து, லுக்கா இருக்கும்" என்று பதில் வந்தது.