0.48 வாங்கி 0.43-க்கு இறங்கிய கதை

என் மேசை இழுப்பறையைத் திறந்தால் பிளாஸ்டிக் குண்டுகள் உருளும் சத்தம் கேட்கிறது. ஏர்சாஃப்டுக்கு, அதாவது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் ஆட்டத்துக்கு, வாங்கியவை. 0.28, 0.36, 0.40, 0.43, 0.48 கிராம் என்று ஐந்து பொட்டலங்கள். எல்லாமே 6 மில்லிமீட்டர் என்ற பெயரில் விற்பவை; அளந்தால் 5.95 இருக்கும். கலந்து கொட்டிவிட்டால் எது எந்த எடை என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம் காட்டுகிறது.

துப்பாக்கி, ஜப்பானிய நிறுவனமான டோக்கியோ மாருயியின் விஎஸ்ஆர்-10 என்ற ஏர்சாஃப்ட் மாதிரியைப் பார்த்துச் செய்த நகல். பழையதாக வாங்கினேன். முந்தைய உரிமையாளர் அதில் வலுவான ஸ்பிரிங் போட்டிருந்தார். இங்கிலாந்தில் 2017 சட்டப்படி, ஒவ்வொன்றாகச் சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் குண்டின் ஆற்றலுக்கு வரம்பு 2.5 ஜூல். நான் போகும் காட்டுத் திடலில் ஸ்னைப்பருக்கு, அதாவது தொலைவில் மறைந்திருந்து சுடுபவருக்கு, 2.32 ஜூல்தான் அனுமதி, அதாவது 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 500 அடி வேகத்தில் போகலாம். முப்பது மீட்டருக்குள் நிற்பவரைச் சுடக் கூடாது என்பது இன்னொரு விதி. என் துப்பாக்கி 0.20-இல் 480 அடி காட்டியது. மனம் நிறைந்துவிட்டது. வேகம் இருந்தால் போதும் என்று நம்பிய நாட்கள் அவை.

ஒரு மாலை, காற்றின் தடையையும் சேர்த்துத் தாளில் தோராயமாகக் கணக்குப் போட்டேன். அதே ஆற்றலில் 0.43 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது, 0.20 குண்டோ 146 மீட்டரில் பாய்கிறது. முப்பது மீட்டரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. ஐம்பது மீட்டருக்குக் கனமானது 0.8 வினாடியில் போய்விட, இலேசானதற்கு ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது. பக்கக் காற்று தள்ளும் தூரமும் கனமான குண்டுக்குப் பாதிக்கும் குறைவு. இதைப் பார்த்ததும் பேராசை பிடித்துக்கொண்டது. 0.43 நல்லது என்றால் 0.48 இன்னும் நல்லதுதானே என்று வாங்கிவிட்டேன். குண்டு கனக்கக் கனக்க விலையும் ஏறுகிறது.

முதல் சனிக்கிழமை முழுவதும் வீண். ஒரே எடை, ஒரே நிலை, ஆனால் ஒரு குண்டு வானத்துக்கும் அடுத்தது தரைக்கும் போனது. அருகில் வந்து பார்த்த மார்ஷல் (திடலில் ஆட்டத்தைக் கண்காணிப்பவர்), “குழலுக்குள் எண்ணெய் விட்டீர்களா?” என்று கேட்டார். விட்டிருந்தேன். முந்தைய இரவுதான் சிலிக்கோன் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் அக்கறையாகத் துடைத்திருந்தேன். மிச்சம் இருந்த எண்ணெய் ஹாப்-அப் ரப்பரில் படிந்துவிட்டது. குண்டின் மேல்பக்கத்தை உரசிப் பின்னோக்கிச் சுழலவிடுவது அந்த ரப்பர்தான். சுழற்பந்து காற்றில் விலகுவதற்குக் காரணமான அதே மாக்னஸ் விளைவுதான் இங்கே குண்டைத் தூக்கிப் பிடிக்கிறது. ரப்பர் வழுக்கினால் சுழற்சி கிடையாது. சுழற்சி இல்லாத குண்டு எந்த எடையானாலும் வெறும் கல். ரப்பரைக் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, ஒரு நாள் உலரவிட்டேன்.

இரண்டாம் முறை குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை ஐம்பது மீட்டரில் நிறுத்தினேன். எடைக்குப் பத்துக் குண்டுகள். 0.28-இல் மூன்றுதான் பட்டன. ஹாப்-அப்பைத் துளி திருகினால் மேலே ஏறுகிறது, துளி தளர்த்தினால் பாதி வழியில் படுத்துவிடுகிறது. 0.36 காற்று நின்றபோது ஒழுங்காகவும், வீசியபோது மனம்போலவும் போனது. 0.40-இல் ஏழு. 0.43-இல் ஒன்பது, தவறிய ஒன்றும் என் விரல் விசையைச் சுண்டியதால் தவறியது. 0.48-தான் ஏமாற்றியது. இடவலம் துளியும் விலகவில்லை, ஆனால் ஹாப்-அப்பைக் கடைசிவரை இறுக்கியும் நாற்பது மீட்டரைத் தாண்டியதும் தலை கவிழ்ந்தது. அந்த இறுக்கத்தில் ரப்பர் குண்டைக் கவ்விக்கொள்வதால் வேகமும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வந்தது.

எனக்குப் புரிந்த கணக்கு இவ்வளவுதான்: ஹாப்-அப் திருகில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நேராகப் பறக்கிற குண்டுகளில் எது கனமோ, அதுதான் அந்தத் துப்பாக்கிக்குரியது. வேறொருவருடைய விஎஸ்ஆருக்கு அது 0.48 ஆக இருக்கலாம்.

வேகமானியில் ஒரு வேடிக்கையும் தெரிந்தது. 0.20-இல் 2.14 ஜூல் காட்டிய துப்பாக்கி, 0.43-இல் வினாடிக்கு 335 அடி, அதாவது 2.24 ஜூல் காட்டியது. கனமான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருப்பதால் காற்று அதை இன்னும் சற்றுத் தள்ளிவிடுகிறது. அன்றைக்குப் போடும் குண்டிலேயே அளக்க வேண்டும் என்று திடலில் அடம்பிடிப்பது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

இடையில் ஒரு சிறு நஷ்டம். காட்டில் மக்கும் குண்டுகளை மட்டுமே அனுமதிக்கிறார்கள். அவை ஈரத்தை உறிஞ்சும். வாய் திறந்த 0.40 பொட்டலத்தைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்து மறந்துபோனேன். மழைக்காலம் முடிந்து எடுத்தபோது சில குண்டுகள் குழலுக்குள் நுழையவே தயங்கின. இப்போது எல்லாம் மூடி இறுகிய டப்பாக்களில், சிலிக்கா ஜெல்லுடன் இருக்கின்றன.

போன ஞாயிறு 0.43-உடன் முதல் முழு நாள் ஆட்டம். காலையில் இரண்டு பேர் என் குண்டு பட்டு, பட்டதாகக் கையைத் தூக்கினார்கள். மதியம் ஒருவர் மரத்தடியில் அசையாமல் நின்றார். ஐம்பத்தைந்து மீட்டர் இருக்கும். காற்று இல்லை, மூச்சை அடக்கிச் சுட்டேன், குண்டு நூல் பிடித்ததுபோல் போனது. அது போய்ச் சேர்வதற்குள் அவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கிவிட்டார். தலைக்கு மேலே பட்டையில் ‘டக்’ என்று விழுந்த சத்தத்துக்கு நிமிர்ந்து மரத்தைத்தான் பார்த்தார், மரங்கொத்தி என்று நினைத்திருப்பார்.

0.48 பொட்டலம் இன்னும் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. வேறு வகை ரப்பர் ஒன்று தபாலில் வருகிறது.